ஒரு ரூபாய் இல்லாத வீடு

என் மாமனாரின் நெற்றியில் டியூப் லைட் தெரிந்தது.

அவர் இறந்த அன்று நடந்தது இது. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்து, சட்டினியில் காரம் போதவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் என் வீட்டுக்காரர் போன் செய்தார். அப்போது நான் முதலிபாளையத்தில் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டு டீ-ஷர்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். "அய்யன் போயிட்டாரு சுமதி" என்றார். எங்கள் பக்கம் அப்பாவை அய்யன் என்று சொல்வார்கள்.

வண்டியை விரட்டிக்கொண்டு வீரபாண்டியில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வாசலில் அதற்குள் பந்தல் போட்டு, வாடகை நாற்காலிகளை இறக்கியிருந்தார்கள். ஃப்ரீசர் பெட்டிக்குள் மாமா படுத்திருந்தார். சலவை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, நடுவில் சந்தனம் வைத்து ஒட்டிய ஒரு ரூபாய்க் காசு. இறந்தவர் நெற்றியில் காசு வைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் சாதாரண ஒரு ரூபாய்க் காசில் மேலே எரிகிற டியூப் லைட் அப்படியே முழுசாகத் தெரியாது.

அது என் காசு. போன வாரம் வந்த செட்டில் இருந்த காசு. யார் கையும் படாமல் பூட்டி வைப்பதற்காகக் காத்திருந்து வாங்கியது.

நான் அழுதேன். அழுதுகொண்டேதான் அதையும் பார்த்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது. அப்படி நடக்குமா என்று கேட்கிறவர்கள் இன்னும் சாவு வீட்டில் சரியாக உட்கார்ந்ததில்லை.

குறை பார்க்கிற கண்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிக்கிற வாசகி ஒருவர், "எப்போது பார்த்தாலும் வேலையைப் பற்றியே எழுதுகிறீர்களே, உங்களுக்கென்று ஓர் ஆசை கிடையாதா?" என்று கேட்டிருந்தார். இருக்கிறது. அதைச் சொன்னால் சிரிப்பார்களே என்றுதான் இத்தனை வாரம் தள்ளிப்போட்டேன். நான் காசு சேர்க்கிறவள். பணம் சேர்க்கிறவள் என்று படித்துவிடாதீர்கள், அது வேறு சாமர்த்தியம்.

அதற்கும் என் வேலைக்கும் தொடர்பு உண்டு. வெளிநாட்டுக் கடைகளுக்காக இங்கே துணி வாங்கித் தருகிற ஒரு பையிங் ஆபீஸில் நான் தரம் பார்க்கிறவள். வெளிநாட்டுக்குப் போகிற துணியைக் கப்பல் ஏற்றுவதற்கு முன்னால் கடைசியாகப் பார்ப்பது என் கண்தான். பெட்டிகளில் சிலதை இழுத்துப் போட்டு, மேசையில் விரித்து, எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, விட்டுப்போன தையல், இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் ஷேடு மாறியிருக்கிறதா என்று தேட வேண்டும். நான் போய் இறங்கியதும் கம்பெனிக்காரர்கள் இளநீர் வெட்டித் தருவார்கள். அதைக் குடித்துவிட்டு அவர்கள் சரக்கில் ஓட்டை கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நாளும் எனக்கு அது சங்கடமாக இருந்ததில்லை. சங்கடப்படுகிறவர்களுக்கு இந்த வேலை சரிப்படாது.

ஆனால் கண்ணை ஆபீஸிலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வர முடிகிறதா? என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் வீட்டுக்காரரின் சட்டைக் காலரில் ஒரு தையல் விட்டிருந்தது. பார்த்துவிட்டேன், சொல்லவில்லை. மற்றபடி சரக்கு நன்றாக இருந்ததால் பாஸ் போட்டேன். இப்போதும் கல்யாண வீட்டில் எதிரே வருகிறவர் முகத்தைப் பார்ப்பதற்குள் புடவைப் பார்டரில் இழை இழுத்திருப்பது கண்ணில் பட்டுவிடுகிறது. இப்படி வருஷக்கணக்காகக் குறையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் மனசு ஒரு மாதிரி காய்ந்துபோகும்.

ஒரு தடவை கோயமுத்தூரில் ஒரு மண்டபத்தில் சேலைத் தள்ளுபடி விற்பனை என்று போயிருந்தோம். நானும் என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணும். கீழே சேலை, மாடியில் பழைய காசு, தபால் தலைக் கண்காட்சி. கீழே கூட்டம் நெரிந்ததால் மாடிக்குப் போனேன். அங்கே ஒரு கடைக்காரர் நீலப் பெட்டி ஒன்றைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே சில காசுகள், ஒவ்வொன்றும் தனித்தனிக் கண்ணாடி மூடிக்குள். நான் கை நீட்டியதும் அவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பார்க்கலாம், தொடக் கூடாது என்றார். கைப்பையில் எப்போதும் நூல் எண்ணுகிற சின்ன லென்ஸ் இருக்கும். எடுத்து வைத்துப் பார்த்தேன். ஓரம் பார்த்தேன், எழுத்துப் பார்த்தேன், சிங்கத்தின் பிடரியைப் பார்த்தேன். காசின் தளம் கண்ணாடியாக இருந்தது, சிங்கங்கள் மட்டும் பால் வெள்ளையாக எழும்பி நின்றன. என் லென்ஸில் ஒரு குறையும் சிக்கவில்லை. ஒரு பொருளைப் பார்த்துச் சொல்வதற்கு ஒன்றுமே இல்லாமல் நான் நின்றது அன்றைக்குத்தான்.

கூட வந்த பெண் கைநிறையச் சேலையோடு மேலே வந்தாள். நான் ஒரு செட் காசோடு கீழே இறங்கினேன்.

ஓடாத காசு

அதற்குப் பெயர் புரூஃப் செட். நாம் கடையில் மாற்றுகிற காசை அடிக்கிற அதே அரசாங்க நாணயச்சாலைதான் இதையும் அடிக்கிறது. ஆனால் சாதாரணக் காசு அடித்ததும் தொட்டியில் விழும், ஒன்றோடொன்று மோதும், மூட்டையில் போகும். புரூஃப் காசுக்கு அந்தக் கதி கிடையாது. வட்டத் தகட்டைப் பளபளவென்று தேய்த்து, அச்சையும் தேய்த்து, நிதானமாக ஒரு முறைக்கு மேல் அடித்து, உறை போட்ட கையால் எடுத்து, மூடிக்குள் வைத்து விடுவார்கள். அதன் பிறகு அதை யாரும் தொடுவதில்லை. விரல் பட்டால் ரேகை விழும். துடைத்தால் இன்னும் மோசம். எவ்வளவு மெத்தென்ற துணியால் துடைத்தாலும் தலைமுடி கனத்தில் கீறல்கள் விழும், பிறகு அது வெறும் காசுதான்.

இணையத்தில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மறந்தே போன பிறகு தபாலில் வரும். நான் வேலைக்குப் போய்விடுவதால் கையெழுத்துப் போட்டு வாங்குகிற பொறுப்பு மாமாவுடையது.

மாமாவுக்கு இந்தக் காசுகள் மேல் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. தறி மாதிரி இரைச்சல் போடுகிற பழைய நிட்டிங் மிஷின் ஒன்றை வைத்துக்கொண்டு குடும்பத்தை மேலே கொண்டுவந்த மனிதர். அவரைப் பொறுத்தவரை காசு என்றால் நாலு கை மாற வேண்டும், அலமாரிக்குள் உட்கார்ந்திருப்பது காசில் சேர்த்தியே இல்லை. சாயங்காலம் நான் வண்டியை நிறுத்துகிற சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து, "சுமதி, உன்ற ஓடாத காசு வந்திருக்குது" என்பார். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பார். பார்த்து முடித்ததும், இதை வைத்து ஒரு டீ குடிக்க முடியுமா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். முடியாது மாமா என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன்.

கேலி பண்ணினாரே தவிர, பார்சலை ஒரு நாளும் தரையில் வைத்ததில்லை. தன் தலையணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் வருகிற வரை யாரையும் தொட விடமாட்டார். அவர் போன பிறகுதான் இதையெல்லாம் நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. இருந்தபோது அவர் டீ கேள்வி எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

காசு தேடிய கதை

அன்றைக்கு நான் வருவதற்குள் வீட்டில் நடந்ததைப் பிற்பாடு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் வந்து சேர்ந்தவர் சரசு அண்ணி. என் வீட்டுக்காரரின் அக்கா, மாமாவுக்கு ஒரே மகள். திருமுருகன்பூண்டியில் கட்டிக்கொடுத்தது. சாமி சிலை செதுக்குகிற பட்டறைகளுக்கு நடுவில் வீடு. செய்தி கேட்டதும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அப்பாவைக் குளிப்பாட்டி, வேட்டி மாற்றி, விபூதி பூசி எல்லாம் ஆயிற்று. நெற்றிக்கு ஒரு ரூபாய் வேண்டும்.

வீட்டில் ஒரு ரூபாய் இல்லை.

சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் தேடிப் பாருங்கள். பணம் கொடுப்பதெல்லாம் போனில்தான்: பாலுக்குப் போன், காய்க்குப் போன், கீரைக்காரம்மாவுக்கும் போன். என் வீட்டுக்காரர் பக்கத்துத் தெருவில் லேபிள் அச்சடிக்கிற யூனிட் வைத்திருக்கிறார். அவர் சட்டைப் பையில் காசு குலுங்கிக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. சாமி அறையில் இருந்த உண்டியலைப் போன மாதம்தான் பழனியில் கொட்டிவிட்டு வந்திருந்தோம். மாமாவின் சட்டைப் பையில் மாத்திரை அட்டை மட்டும் இருந்தது. பின்னால் லைன் வீட்டில் குடியிருக்கிற பீகார் பையன்கள் விஷயம் புரிந்து ஓடிவந்து பத்து ரூபாய்க் காசு ஒன்றை நீட்டினார்களாம். ஒரு ரூபாய்தான் வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஒருவர் கடைக்கு வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அப்போது அண்ணியின் கண்ணில் என் மேசை பட்டிருக்கிறது. மேசையில் பெட்டி. பெட்டியில் ஒரு ரூபாயிலிருந்து இருபது ரூபாய் வரை ஐந்து காசு, புத்தம் புதிதாக. மூடி திறக்கவில்லை. இந்த ஊரில் எந்த வீட்டில் கையை விட்டாலும் நூல் வெட்டுகிற ட்ரிம்மர் ஒன்று அகப்படும். ட்ரிம்மர் முனையை இடுக்கில் விட்டு நெம்பி, காசை எடுத்து, சந்தனத்தைக் குழைத்து வைத்து விட்டார்.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. அந்தக் குரலில் ஒரு நிறைவு இருந்ததைக் கேட்டேன்.

"பாரு கண்ணு, எங்கய்யனுக்கு எப்பேர்ப்பட்ட காசு வெச்சிருக்கறேன்னு. ஒரு கீறல் கெடையாது. எத்தனையோ கை பட்ட காசெல்லாம் எங்கய்யன் நெத்திக்கு ஆவாதுன்னு சாமியே எடுத்துக் குடுத்த மாதர இருந்துச்சு."

"நல்லதுங்க அண்ணி" என்றேன். சொல்லும்போதே அந்த மூடியின் உடைந்த பாதி என் காலடியில் கிடப்பதையும் பார்த்தேன்.

யாருக்கு அந்தக் காசு

நிறைய வயசாகி, பேரன் பேத்தி பார்த்து, படுக்கையில் கிடக்காமல் போன மனிதரின் நெற்றிக் காசை எங்கள் சனம் விடமாட்டார்கள். அதை எடுத்துப் பீரோவில் வைத்தால் வீடு நன்றாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. எடுக்கிற நேரம் வந்தபோது பங்காளிகளில் ஒருவர் பெட்டிக்குப் பக்கமாகவே நின்றார். ஆனால் மகள் இருக்கும்போது மற்றவர்கள் கை நீட்ட முடியாது. அண்ணி காசை எடுத்துக் கண்ணில் ஒற்றி, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் செட் என்னிடம் வந்திருக்கும். நான் சொல்லவில்லை. பெருந்தன்மை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மாமனார் நெற்றியில் இருந்த காசைக் கேட்டு வாங்கினாள் என்ற பேச்சை இந்த ஊரில் யார் காலம் பூராவும் சுமப்பது? அவ்வளவுதான் காரணம். உள்ளுக்குள் கோபமாகத்தான் இருந்தது. மாமா இல்லை என்பதை நினைத்து அழுவேன், நடுவில் இந்தக் கோபம் வரும், அது வந்ததற்காக என் மேலேயே கோபம் வரும்.

காரியம் முடிந்து உறவெல்லாம் கலைந்தது. அண்ணி கிளம்புகிற நேரம் சமையலறை வாசலில் வந்து நின்றார். "ஒரு சொம்பு தண்ணி எடுத்துக்கட்டுமா கண்ணு?" என்று கேட்டார். எடுத்துக்கோங்க அண்ணி என்று சொல்லிவிட்டு நான் பாத்திரம் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தச் சமையலறையில் எந்தப் பாத்திரம் எங்கே இருக்க வேண்டும் என்று நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் முடிவு செய்தவரே அவர்தான். அவர் எதற்குத் தண்ணீருக்கு அனுமதி கேட்கிறார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மாமா இருந்த வரைக்கும் அண்ணி சனிக்கிழமை தவறாமல் வருவார். கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்கும், அடுத்த நிமிஷம் என் அடுப்பைக் குறைத்து வைத்துக்கொண்டிருப்பார். குழம்பு கொதித்தது போதும் என்று அவரே தீர்மானம் செய்வார். அப்பாவோடு உட்கார்ந்து ஊர்வம்பு பேசி, நகம் வெட்டிவிட்டு, இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவார். காரியத்துக்குப் பிறகு சனிக்கிழமைகள் வந்தன, அண்ணி வரவில்லை. போன் செய்தால் முட்டி வலி என்றார். இன்னொரு தடவை மழை என்றார். வீரபாண்டியில் அன்றைக்கு வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

ஒரு நாள் என் வீட்டுக்காரர் மேசையில் எதையோ தேடும்போது பெட்டியைத் திறந்துவிட்டார். நாலு காசு, ஒரு குழி. எங்கே ஒன்று என்று கேட்டார். உங்க அய்யன் நெற்றியில் இருந்ததுதான் என்றேன். முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். அதோடு விட்டிருக்கலாம். அக்காவுக்குப் போன் போட்டு, நீ எடுத்த காசு அவளுடைய உசுரு தெரியுமா என்று தமாஷாகச் சொல்லிவிட்டார். ஆண்களுக்கு எதைத் தமாஷாகச் சொல்வது என்று தெரிந்தால் பாதிக் குடும்பங்களில் பஞ்சாயத்தே இருக்காது.

காலிங் பெல்

இரண்டு நாள் கழித்துக் காலிங் பெல் அடித்தது. திறந்தால் சரசு அண்ணி. அவர் பெல் அடித்து நான் கேட்டதே இல்லை. அந்த வீட்டில் அப்படியொரு பொத்தான் இருப்பது அவருக்குத் தெரியும் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

உள்ளே வந்தவர் முன்னறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். காப்பி வேண்டாம் என்றார். கைப்பையைத் திறந்து, பனியன் பேக் பண்ணுகிற சின்னக் கவர் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளே காசு.

சந்தனம் ஒட்டிப் பிடித்திருந்ததாம். விபூதி போட்டு, பனியன் துணியால் நன்றாகத் தேய்த்து எடுத்து வந்திருக்கிறார். முன்னைக்கு இப்போது பளிச்சென்று இருக்கிறது, அந்தக் குழியில் வைத்துப் பார் என்றார்.

எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தேன். லென்ஸ் தேவைப்படவில்லை. கண்ணாடி மாதிரி இருந்த தளம் முழுக்க வட்டம் வட்டமாகக் கீறல். சிங்கங்களின் வெண்மை போய் எல்லாம் ஒரே மினுக்கலாகிவிட்டது. நெற்றியிலிருந்து எடுத்த அன்றே திருப்பித் தந்திருந்தால்கூட ஒருவேளை தண்ணீரில் அலசியே காப்பாற்றியிருக்கலாம். என் மேசையில் வந்தால் யோசிக்காமல் ரிஜெக்ட் போடுவேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி இருந்தது அந்தப் பார்வை. அறுபதை நெருங்குகிற மனுஷி, தன் அப்பா வீட்டில்.

"இது மாமாவோட காசுங்க அண்ணி. உங்க ஊட்டுல இருக்கறதுக்கு எடுத்துட்டுப் போனது. எதுக்குத் திருப்பிக் கொண்டாந்தீங்க?" என்று கேட்டேன்.

சேலைத் தலைப்பை மடித்துப் பிரித்துக்கொண்டே சொன்னார்.

"எங்கய்யன் இருக்கற வரைக்கும் இது என்ற ஊடு கண்ணு. இனி இது உன்ற ஊடு. அதுல நான் ஒண்ணும் தப்புச் சொல்லலை, ஒலக வழக்கம். ஆனா கேக்காம உன்ற பொருளை எடுத்தவளுன்னு ஒரு நெனப்பு உன்ற மனசுல இருந்துச்சுன்னா, நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு இங்க வருவேன்? எனக்குப் பொறந்த ஊடுன்னு இனி இருக்கறது நீதான். காசு வேண்டாம். வந்து போறதுக்கு ஒரு வாசல் இருந்தாப் போதும்."

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பொறுக்க முடியாத துக்கமாகவும் இருந்தது. நான் ஒரு காசு போனதற்கு மனசுக்குள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நாட்களில் இந்த மனுஷி ஒரு வீட்டையே இழந்துகொண்டிருந்திருக்கிறார். அதைத் தக்க வைத்துக்கொள்வதற்குத் தன்னிடம் இருந்த ஒரே பொருளை, தன் அப்பாவின் நெற்றியிலிருந்து எடுத்ததை, விபூதி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து என் கையில் கொடுக்கிறார்.

எனக்கு இதமாகப் பேச வராது. குறை சொல்லத்தான் வரும். அதனால் குறையே சொன்னேன். பெல் அடித்தது தப்பு என்றேன். அன்றைக்குத் தண்ணீருக்குக் கேட்டுக்கொண்டு நின்றது அதைவிடத் தப்பு என்றேன். வெயில் அடிக்கிற நாளில் மழை பெய்கிறது என்று பொய் சொன்னது எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு, இத்தனை வாரமாக எங்கள் வீட்டில் குழம்பு சரியாகக் கொதிக்கிறதா இல்லையா என்று சொல்ல ஆளில்லை என்றேன். என்னையறியாமல் குரல் உயர்ந்துவிட்டது. அண்ணி முதலில் மிரண்டார், பிறகு சேலையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். நானும்தான் அழுதேன். சாவன்று எங்கள் இரண்டு பேருக்கும் இப்படி ஒன்றாக அழக் கொடுத்து வைக்கவில்லை.

காசை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன், மாட்டேன் என்றார். கடைசியில் அதைப் பெட்டியிலேயே அதன் குழியில் வைத்தோம். பெட்டியை என் பீரோவில் வைக்காமல், முன்னறையில் மாமா கட்டிலுக்கு மேலே இருக்கிற அலமாரியில் வைத்தேன். அய்யன் ஞாபகம் வந்தால் வந்து எடுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள், என்னைக் கேட்க வேண்டாம் என்றேன்.

அந்த வாரமே அதே செட் இன்னொன்றுக்குப் பதிவு செய்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒன்றும் தியாகி இல்லை.

ஒரு சாவி

அண்ணி மறுபடி சனிக்கிழமைகளில் வர ஆரம்பித்தார். ஆனால் முன்னைப் போல் இல்லை. கிளம்புவதற்கு முன்னால் போன் செய்து, ஊட்டுல இருக்கறீங்களா என்று கேட்பார். வந்ததும் முதல் வேலையாகப் பெட்டியை இறக்கிக் காசைப் பார்ப்பார், கண்ணில் ஒற்றிக்கொள்வார், திருப்பி வைப்பார். அதற்காகத்தான் வந்தேன் என்று எனக்குக் காட்டுகிற மாதிரி இருக்கும். காரணம் ஒன்று கையில் இல்லாமல் உள்ளே வரக் கூடாது என்று நினைக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. என்ன செய்வது என்றுதான் புரியவில்லை.

ஒரு சனிக்கிழமை நாங்கள் பல்லடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் மாட்டிக்கொண்டோம். திரும்பி வந்தால் எதிர் வீட்டு வாசல்படியில் அண்ணி உட்கார்ந்திருக்கிறார். கிளம்பும்போது அவர் செய்த போனை நாங்கள் எடுக்கவில்லையாம், வீட்டில்தான் இருப்போம் என்று வந்துவிட்டார். எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருந்தார் என்று அவரும் சொல்லவில்லை, எதிர் வீட்டு அம்மாவும் சொல்லவில்லை. பிறந்த வீட்டுக்கு எதிரே, அடுத்தவர் வீட்டுப் படியில், மடியில் கீரைக் கட்டோடு.

திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழியில் சாவி போடுகிற கடையில் நின்று, வாசல் சாவிக்கும் கேட் சாவிக்கும் ஒன்று ஒன்று வெட்டி வாங்கினேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்த் தன் சாவிக்கொத்தில் இருந்த வளையம் ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். சாவியை நான் கொடுத்தபோது அண்ணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல் சரியாக வெட்டவில்லை, நன்றாக ராவச் சொல்லியிருக்கலாம் என்றார். எனக்கு அதைக் கேட்டதும் பாதி நிம்மதி வந்தது.

மீதி நிம்மதி வர இரண்டு மூன்று வாரம் ஆயிற்று. ஒரு சனிக்கிழமை, ஒரு கம்பெனியில் சரக்கு பாஸாகாமல் வாக்குவாதம் இழுத்து, நான் வீட்டுக்கு வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. கேட் திறந்திருந்தது. போன் எதுவும் வந்திருக்கவில்லை. முன்னறையில் மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க, மாமா கட்டிலில் அண்ணி கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். நல்ல குறட்டை. துவைத்த துணியெல்லாம் மடித்திருந்தது, என் துணியை அண்ணி என் வீட்டுக்காரருடைய அடுக்கில் வைத்திருந்தார். அலமாரியில் பெட்டி நான் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அதன் முன்னால் நான் சாய்த்து வைத்திருந்த மின்சார ரசீதுகூட நகரவில்லை.

நான் கைப்பையை வைக்கிற சத்தத்தில் விழித்துக்கொண்டார். தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே, ஏன் இவ்வளவு நேரம், சோறு ஆறிப்போச்சு என்று என்னைக் கடிந்துகொண்டார்.

"காசைப் பாத்தீங்களா அண்ணி?" என்று கேட்டேன்.

கொட்டாவி விட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"எந்தக் காசு கண்ணு?"